புவேர்த்தோ வயார்த்தாவில் ஓய்வுக்காலம்: 65 வயதில் போடும் கணக்கு, 80 வயதில் வரும் செலவு

மெக்சிகோவின் பசிபிக் கரையில் உள்ள புவேர்த்தோ வயார்த்தாவில் கடல் தெரியும் வீடு வேண்டுமென்றால் படி ஏறித்தான் ஆக வேண்டும். சியெரா மாத்ரே மலை இந்த ஊரில் நேராகக் கடலுக்குள் இறங்குகிறது. குவாலே ஆற்று முகத்தை ஒட்டிய சின்னச் சமவெளியை விட்டால் பழைய ஊர் முழுக்கச் சரிவுதான். தெருக்கள் ஆற்றுக் கற்கள் பதித்தவை. மழை பெய்தால் கல் வழுக்கும், வெயிலில் கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் கணுக்கால் மடங்கும். நடைபாதையோ ஒரு வீட்டு முன்னால் ஒரு சாண் உயரம், அடுத்த வீட்டு முன்னால் முழங்கால் உயரம்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் வேலையை முடித்துக்கொண்டு இங்கே குடியேறுகிறவர்கள் பெரும்பாலும் 65 வயதை ஒட்டி வருகிறார்கள். அந்த வயதில் எண்பது படி என்பது தினசரி உடற்பயிற்சி. இடுப்பு மூட்டில் அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நாளில் அதே எண்பது படி வீட்டை எட்டாத இடமாக்கிவிடுகிறது. இந்த ஊரில் ஓய்வுக்கால வாழ்க்கையின் பெரும்பாலான சிக்கல்கள் இந்த வகைதான். வந்த முதல் வருடத்தில் கவனிக்காமல் விட்ட ஒன்று, பதினைந்து வருடம் கழித்து வந்து நிற்கிறது. ஆவணம், மின்கட்டணம், மருத்துவம், மொழி எல்லாவற்றிலும் இதே கதை.

1963இல் ஒரு ஹாலிவுட் படக்குழு தெற்கே உள்ள மிஸ்மலோயா கடற்கரையில் முகாமிட்டபோது இது சாலை வசதிகூடச் சரியாக இல்லாத சிற்றூர். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்த நகராட்சியில் 2 லட்சத்து 91 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை குளிருக்குத் தப்பி வந்து தங்கிப் போகிறவர்கள் ஒரு வகை. பன்னிரண்டு மாதமும் இங்கேயே இருப்பவர்கள் இன்னொரு வகை. முதல் வகையினருக்கு இந்த ஊர் விடுமுறை போலவே கழிந்துவிடும். கீழே வருவது பெரும்பாலும் இரண்டாம் வகையினருக்கானது.

எந்த முத்திரை, எந்த அட்டை

சுற்றுலாப் பயணியாக வந்தால் அதிகபட்சம் 180 நாள். அது உரிமை அல்ல. விமான நிலையத்தில் அதிகாரி கடவுச்சீட்டு முத்திரையில் எத்தனை நாள் எழுதுகிறாரோ அத்தனைதான். 180 நாள் முடிவதற்குள் வெளியே போய் மறுநாள் திரும்பி வந்து வருடக்கணக்கில் ஓட்டியவர்கள் உண்டு. இப்போது அந்த வழியை நம்ப முடியாது. திரும்பி வருகிறவருக்கு முப்பது நாளோ அதற்கும் குறைவோ எழுதிக் கொடுக்கவும் செய்கிறார்கள்.

முறையான வழி வதிவிட அட்டை. விண்ணப்பம் மெக்சிகோவுக்கு வெளியே, மெக்சிகோ துணைத் தூதரகத்தில் தொடங்குகிறது. தற்காலிக வதிவிடத்துக்கு கடந்த ஆறு மாத ஓய்வூதிய வருமானத்தையோ, கடந்த பன்னிரண்டு மாத வங்கி இருப்பையோ காட்ட வேண்டும். தேவைப்படும் தொகை ஆண்டுதோறும் மாறுகிறது. தூதரகத்துக்குத் தூதரகமும் வேறுபடுகிறது. அதனால் போகப்போகிற தூதரகத்தின் தற்போதைய பட்டியலை மட்டும் நம்ப வேண்டும். விசா கடவுச்சீட்டில் ஒட்டப்படும். 180 நாளுக்குள் ஒரே ஒரு முறை அதை வைத்து நாட்டுக்குள் நுழையலாம். நுழைந்தபின் 30 நாளுக்குள் குடிவரவு அலுவலகத்துக்குப் போய் அதை அட்டையாக மாற்ற வேண்டும்; இதற்குப் பெயர் 'கான்ஹே'.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். விமான நிலையத்தில் வரிசை குறைவாக இருக்கிறதே என்று தானியங்கி வாயிலில் நுழைந்துவிடுவார்கள். அல்லது அதிகாரி விசாப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் சுற்றுலா முத்திரை குத்திவிடுவார். சுற்றுலாப் பயணியாக நுழைந்துவிட்டால் கையில் இருக்கும் விசாவை அட்டையாக மாற்ற முடியாது. பெரும்பாலும் திரும்பிப் போய் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். விசா ஒட்டிய பக்கத்தைத் திறந்து வைத்தபடி ஆள் இருக்கும் மேசைக்குப் போக வேண்டும். முத்திரையில் 'கான்ஹே' என்ற சொல்லும் 30 நாள் என்ற எண்ணும் இருக்கிறதா என்று அந்த இடத்தைவிட்டு நகர்வதற்கு முன் பார்க்க வேண்டும்.

தற்காலிக அட்டை முதலில் ஒரு வருடம், பிறகு புதுப்பித்து மொத்தம் நான்கு வருடம். அதன்பின் காலாவதியாகாத நிரந்தர வதிவிடம். இடையில் முகவரி மாறினால் 90 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். காரோடு வந்தவர்களுக்கு இதில் ஒரு பொறி இருக்கிறது. வெளிநாட்டுப் பதிவெண் கொண்ட காரைத் தற்காலிக வதிவிடத்தார் தற்காலிக இறக்குமதி அனுமதியில் வைத்துக்கொள்ளலாம். நிரந்தர வதிவிடத்தார் வைத்துக்கொள்ள முடியாது. நான்காம் வருடம் மகிழ்ச்சியாக நிரந்தர அட்டை வாங்கிய அன்றே வாசலில் நிற்கும் கார் சட்டவிரோதமாகிவிடுகிறது. அதற்கு முன்பே காரை எல்லைக்கு அப்பால் கொண்டுபோய் விட்டு, இறக்குமதி அனுமதிக்குக் கட்டிய முன்பணத்தை மீட்டிருக்க வேண்டும்.

அமெரிக்கக் குடியுரிமை பெறாமல் பச்சை அட்டையோடு இருக்கும் இந்திய, இலங்கைத் தமிழர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த அட்டையைக் காட்டி விசா இல்லாமலே மெக்சிகோவுக்குள் வரலாம். ஆனால் இங்கே ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து தங்கினால் அமெரிக்கா திரும்பும்போது கேள்வி எழும். ஒரு வருடத்தைத் தாண்டினால் அட்டையே போகலாம். குடியுரிமை வாங்கிய பிறகு ஓய்வுக்கு வருவது நல்லது.

ரெசீபோ என்ற மின்கட்டணச் சீட்டு

வதிவிட அட்டைக்கு அடுத்து மிக முக்கியமான காகிதம் அரசு மின்வாரியமான சி.எஃப்.இ. தரும் கட்டணச் சீட்டு. வங்கிக் கணக்கு, கைபேசி ஒப்பந்தம், நகராட்சி வேலை எதற்குப் போனாலும் முகவரிச் சான்று கேட்பார்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட மின்கட்டணச் சீட்டைத்தான் எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். வாடகை வீட்டில் சீட்டு உரிமையாளர் பெயரில்தான் வரும், பெரும்பாலான இடங்களில் அது பரவாயில்லை. ஒவ்வொரு சீட்டையும் தூக்கிப் போடாமல் கோப்பில் வைத்துக்கொண்டால் போதும்.

அந்தச் சீட்டை வாசிக்கத் தெரிவதும் முக்கியம். கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. வீட்டு மின்சாரத்துக்கு அரசு மானியம் உண்டு. கோடை எவ்வளவு சூடு என்பதைப் பொறுத்து ஊர்கள் 1, 1ஏ, 1பி என்று 1எஃப் வரை பிரிக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு வரம்பு. மிதமான ஊருக்கு மாதம் 250 யூனிட், 1பி பிரிவுக்கு 400, 1சிக்கு 850, கொதிக்கும் 1எஃப் ஊர்களுக்கு 2,500. கடந்த பன்னிரண்டு மாதச் சராசரி இந்த வரம்பைத் தாண்டினால் வீடு 'டாக்' என்ற அதிநுகர்வுப் பிரிவுக்குப் போய்விடும். அங்கே மானியம் முழுதாகப் போய்விடும். முதல் யூனிட்டிலிருந்தே முழு விலை.

கணக்கு சராசரி என்பதால் அடி மெதுவாக விழுகிறது, மெதுவாகத்தான் விலகுகிறது. ஜூலை முதல் அக்டோபர் வரை மூன்று அறையில் ஏசி ஓட்டியவர் நவம்பரில் எல்லாவற்றையும் அணைத்தாலும் குளிர்காலம் முழுக்க உயர்ந்த விலையே கட்டுவார். பழைய சூடான மாதங்கள் சராசரியிலிருந்து விழும்வரை அப்படித்தான். ஒரு டன் ஏசி இரவில் பத்து மணி நேரம் ஓடினால் சுமார் எட்டு, பத்து யூனிட். மாதத்துக்கு 250இலிருந்து 300. குளிர்பதனப் பெட்டியும் நீச்சல்குள மோட்டாரும் சேர்ந்தால் 400 எளிதாகத் தாண்டும். இன்வெர்ட்டர் வகை ஏசி, படுக்கையறைக்கு மட்டும் குளிர், மேற்குச் சன்னலுக்கு வெளிப்பக்கத் தட்டி: பலன் தருபவை இந்த மூன்றும்தான். சொந்த வீடென்றால் இருவழி மீட்டரோடு சூரியத் தகடும் சேர்த்துக்கொள்ளலாம்.

வாடகைக்குப் போகிறவர் மறக்கக் கூடாத ஒன்று: சராசரி ஆளைப் பின்தொடர்வதில்லை, மீட்டரைப் பின்தொடர்கிறது. முன்பிருந்தவர் இழுத்துவிட்ட 'டாக்' உங்கள் தலையில்தான் விழும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் கடைசிச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். எந்தப் பிரிவு என்பது அதில் அச்சிட்டிருக்கும். முந்தைய மாதங்களின் யூனிட் கணக்கும் அதிலேயே இருக்கும்.

சீட்டு வாசல் கதவில் செருகப்படும், சில சமயம் மழையில் போய்விடும். பணம் கட்டாவிட்டால் இணைப்பைத் துண்டிக்க அதிக நாள் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மூலைக்கு மூலை இருக்கும் ஓக்ஸோ கடையிலோ, வாரியத்தின் செயலியிலோ கட்டலாம். மின்னழுத்தம் 127 வோல்ட். அமெரிக்கச் சாதனங்கள் ஓடும். ஆனால் ஏற்ற இறக்கம் அதிகம். குளிர்பதனப் பெட்டிக்கும் கணினிக்கும் ஸ்டெபிலைசர் வைப்பது வீண்செலவல்ல.

மாடித் தொட்டி, சம்ப், கேன்

நகராட்சித் தண்ணீர் வீட்டுக்குள் நேராக வருவதில்லை. தரைக்கடியில் 'அல்ஹீபே' என்ற சம்ப், அங்கிருந்து மோட்டார் மாடியிலுள்ள 'தினாக்கோ'வுக்கு ஏற்றும், அங்கிருந்து குழாய்க்கு. வழக்கமான தினாக்கோ 1,100 லிட்டர் கொள்ளும் பிளாஸ்டிக் தொட்டி. ஆளுக்கு நாளொன்றுக்கு நூறு லிட்டர் என்று வைத்தால் இரண்டு பேருக்கு ஐந்து நாள் தாங்கும். பெருமழைக்குப் பின் ஆற்று நீர் கலங்கி, குழாய் சில நாள் வறண்டுபோகும்போது இந்தக் கணக்கு உதவும்.

வழக்கமாகக் கெட்டுப்போவது மூன்று. மிதவை வால்வில் சுண்ணாம்பு படிந்து மூடாமல் நின்றால் மாடியிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும். வெளியே போயிருந்தால் அண்டை வீட்டார் சொல்லித்தான் தெரியும். சம்ப் காலியானதும் மோட்டாரை நிறுத்தும் மட்டக் கட்டுப்பாடு பழுதானால், தண்ணீரில்லாமல் சுழன்று மோட்டார் எரிந்துவிடும். மூன்றாவது வெந்நீர். தண்ணீர் ஓடும்போதே சூடாக்கும் ஓட்ட வகை கேஸ் ஹீட்டர் பற்றிக்கொள்ள ஓரளவு அழுத்தம் வேண்டும். தொட்டிக்கும் குளியல் குழாய்க்கும் இடையே பத்து மீட்டர் உயரம் இருந்தால்தான் ஒரு கிலோ அழுத்தம் வரும். இரண்டு மீட்டர் உயரத்தில் வைத்த தொட்டிக்கு நேர் கீழே குளித்தால் ஹீட்டர் பற்றாது. ஹீட்டரையே மாற்றிப் பார்ப்பார்கள், பலனிருக்காது. தொட்டியை உயர்த்த வேண்டும், அல்லது சிறிய அழுத்த மோட்டார் வைக்க வேண்டும், அல்லது தொட்டி வகை ஹீட்டருக்கு மாற வேண்டும்.

குடிக்க 20 லிட்டர் கேன். பெயர் 'கராஃபோன்'. வண்டியில் கூவிக்கொண்டு வருவார்கள். நிரம்பிய கேன் இருபது கிலோ. எண்பது படி ஏற்றித் தருபவருக்குக் கூடுதலாகக் கொடுப்பதுதான் நியாயம். பழம், கீரையைக் குழாய்த் தண்ணீரில் கழுவி, கிருமிநாசினித் துளி கலந்த நீரில் ஊறவைத்தே சாப்பிடுகிறார்கள். சந்தையில் அந்தத் துளிமருந்து காய்கறிக்குப் பக்கத்திலேயே விற்கும். சமையலுக்கு 20 அல்லது 30 கிலோ சிலிண்டர், இல்லாவிட்டால் மாடியில் நிலையான தொட்டி. உப்புக்காற்று சிலிண்டர் அடிவளையத்தையும் இணைப்புக் குழாயையும் வேகமாகத் தின்றுவிடும். வருடம் ஒருமுறை சோப்பு நுரை தடவிக் கசிவு பார்க்க வேண்டும்.

பேசோவில் வாழ்ந்து டாலரில் வாங்குகிறவர்

ஓய்வூதியம் அமெரிக்க அல்லது கனடிய டாலரில் வருகிறது, செலவு பேசோவில் போகிறது. 2020 ஏப்ரலில் ஒரு அமெரிக்க டாலர் 25 பேசோவுக்கு மேல் போனது; 2024 ஏப்ரலில் ஏறத்தாழ 16.3 பேசோ. 2,000 டாலர் ஓய்வூதியம் முதல் கணக்கில் 50,000 பேசோ, இரண்டாவது கணக்கில் 32,600. அதே காலத்தில் ஊர் விலைவாசியும் வாடகையும் ஏறின. 'மெக்சிகோ மலிவு' என்ற நம்பிக்கையில் ஓய்வூதியத்தின் கடைசிச் சென்ட் வரை கணக்குப் போட்டு வந்தவர்கள் அந்த நான்கு வருடத்தில் திணறிப்போனார்கள். ஒரு டாலருக்குப் பதினாறு பேசோ என்று வைத்தும் தாங்குமா என்று பார்த்துவிட்டு வருவதே பாதுகாப்பு.

சுற்றுலாப் பகுதியில் வாடகையை டாலரில் கேட்பார்கள். உள்ளே தள்ளிப் பித்தியால் போன்ற பகுதிகளுக்குப் போனால் பேசோவில் பேசுவார்கள், வாடகையும் வெகுவாகக் குறையும். ஆனால் அங்கே ஸ்பானிஷ் இல்லாமல் ஒரு நாளும் ஓடாது. உள்ளூரில் சொத்துள்ள ஒருவர் பிணையாக நிற்க வேண்டும் என்று உரிமையாளர்கள் கேட்பது வழக்கம். வெளிநாட்டவருக்கு அப்படி ஆள் கிடைக்காததால் கூடுதல் முன்பணமோ, சட்டப் பாதுகாப்புப் பத்திரமோ கேட்பார்கள். ஏடிஎம்மில் பணம் எடுக்கும்போது 'உங்கள் நாட்டுப் பணத்தில் மாற்றித் தரட்டுமா' என்று திரை கேட்டால் மறுக்க வேண்டும். இயந்திரம் காட்டும் விகிதம் உங்கள் வங்கி தரும் விகிதத்தைவிட எப்போதும் மோசம். மறுத்தாலும் பணம் வரும்.

வீடு வாங்குவதில் அரசியலமைப்பின் 27ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது. கடற்கரையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் வெளிநாட்டவர் நிலத்தை நேரடியாகத் தம் பெயரில் வைத்திருக்க முடியாது. அதற்கான சட்டபூர்வ வழி 'ஃபிதேகொமீசோ' என்ற வங்கி அறக்கட்டளை. பத்திரம் வங்கியிடம் இருக்கும், அனுபவிக்கவும் விற்கவும் வாடகைக்கு விடவும் உரிமை உங்களிடம். 50 வருடம், புதுப்பிக்கலாம். வங்கிக்கு வருடந்தோறும் சில நூறு டாலர் கட்டணம். இதில் பலர் நிரப்பாமல் விடும் கட்டம் ஒன்று உண்டு: மாற்றுப் பயனாளி. கணவன் மனைவி இருவர் பெயரையும், அவர்களுக்குப் பின் பிள்ளைகள் பெயரையும் அதில் எழுதியிருந்தால், மரணத்துக்குப் பின் நீதிமன்றம் போகாமலே உரிமை மாறும். எழுதாமல் விட்டால் மெக்சிகோவில் வாரிசு வழக்கு. அதற்கு வருடங்கள் ஆகும்.

பாதி விலையில் கடலோர மனை என்று யாராவது காட்டினால் அது பெரும்பாலும் 'எஹீதோ' நிலம், அதாவது கிராமக் கூட்டுடைமை. 1992 சீர்திருத்தத்துக்குப் பின் முறைப்படி தனியுடைமையாக மாற்றி விற்க முடியும். மாற்றி முடிக்கும்வரை உங்கள் கையிலிருக்கும் ஒப்பந்தம் பத்திரமாகாது. அந்த நிலத்தின் மேல் கட்டிய வீட்டை இழந்தவர்கள் இந்தக் கரை நெடுக இருக்கிறார்கள். பதிவை நடத்தும் 'நொதாரியோ' அரசு நியமித்த மூத்த வழக்கறிஞர்; அமெரிக்காவில் முத்திரை குத்தும் நோட்டரியோடு அவரைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. வரியைக் குறைக்கப் பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதலாம் என்று யாரேனும் சொன்னால் மறுத்துவிடுங்கள். விற்கும் நாளில் அந்த வித்தியாசம் முழுதும் இலாபமாகக் கணக்காகி உங்களுக்கே வரி விழும்.

வேலைக்கு வருகிறவர்கள்

வாரம் இரண்டு மூன்று நாள் வீட்டைச் சுத்தம் செய்ய ஆள் வைத்துக்கொள்வது இங்கே பலருக்குக் கட்டுப்படியாகிறது. இந்த ஏற்பாட்டுக்கும் சட்டம் இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. டிசம்பர் 20க்குள் 'அகினால்தோ' என்ற ஆண்டிறுதிப் படி குறைந்தது 15 நாள் சம்பளக் கணக்கில் கொடுக்க வேண்டும். 2023இலிருந்து, வேலைக்குச் சேர்ந்து ஓர் ஆண்டு முடிந்ததும் 12 நாள் சம்பளத்தோடு விடுப்பு. வாரத்துக்கு ஒரு நாள் வந்தாலும் சமூகக் காப்பீட்டு நிறுவனமான இம்ஸில் அந்த நாளுக்கு உரிய சந்தாவைக் கட்டிப் பதிவு செய்ய வேண்டும். பல வீடுகளில் வேலை செய்பவருக்கு ஒவ்வொரு வீட்டாரும் தம் நாட்களுக்குக் கட்டினால் முழுக் காப்பீடு சேரும். காரணமின்றி நிறுத்தினால் மூன்று மாதச் சம்பளத்தில் தொடங்கும் இழப்பீடு.

செலவுக் கணக்கைத் தாண்டியும் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கடலோரப் பகுதிகளில் வாடகை ஏறியதால் சமையல்காரரும் செவிலியரும் பேருந்து ஓட்டுநரும் ஊருக்கு வெளியே தள்ளிப்போனார்கள். அமேகா ஆற்றைத் தாண்டி நயாரித் மாநிலப் பக்கமிருந்து தினமும் நெரிசலான பேருந்தில் வந்துபோகிறவர்கள் ஏராளம். வெளிநாட்டவரின் சுகமான ஓய்வுக்காலம் இவர்கள் உழைப்பில் நிற்கிறது. சட்டப்படி சேர வேண்டியதை அவர்களே கேட்கும்வரை காத்திருப்பது சரியல்ல.

மொழியும் இங்கேயே வருகிறது. கடைக்குள் நுழைந்ததும் விலை கேட்பதற்கு முன் 'புவெனோஸ் தீயாஸ்', அதாவது காலை வணக்கம். சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் மேசையைக் கடக்கும்போது 'ப்ரொவேச்சோ', அதாவது நன்றாகச் சாப்பிடுங்கள். வயதில் மூத்தவரிடமும் அலுவலகத்திலும் 'தூ' (நீ) அல்ல, 'உஸ்தெத்' (நீங்கள்). இந்த மூன்றும் பழகிவிட்டால் முகங்கள் மாறுவதைப் பார்க்கலாம். குழாய் பழுதுபார்ப்பவர் 'ஆவொரீத்தா' என்று சொன்னால் அது 'இதோ' என்று அர்த்தமாகலாம், மாலை என்றும் ஆகலாம். நாளையும் மணியையும் எண்ணில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

மழையும் புயலும்

ஜூன் நடுவிலிருந்து அக்டோபர் வரை மழைக்காலம். பெரும்பாலும் மாலையிலும் இரவிலும் இடியோடு கொட்டும். தேள் இந்த மாதங்களில் வீட்டுக்குள் வரும். இந்த ஊர் இருக்கும் ஹலிஸ்கோ மாநிலத்திலும் பக்கத்து நயாரித்திலும் உள்ள வகைகளில் உயிருக்கு ஆபத்தானவையும் உண்டு. காலணியை உதறிவிட்டுப் போடுவது, கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளி வைப்பது எல்லோரும் செய்வது. கொட்டினால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்; விஷமுறிவு மருந்து நன்றாக வேலை செய்யும். கொசு டெங்குவைக் கொண்டுவருகிறது. இதயத்துக்காகத் தினமும் ஆஸ்பிரின் எடுக்கும் முதியவர்கள் காய்ச்சல் வந்த அன்றே மருத்துவரிடம் அதைச் சொல்ல வேண்டும். இரத்தத் தட்டணுக்கள் குறையும் நோயில் ஆஸ்பிரினும் இபுப்ரோஃபெனும் இரத்தக் கசிவைக் கூட்டும், பாராசிட்டமால்தான் வழி.

பண்டேராஸ் வளைகுடாவைச் சுற்றியுள்ள மலை ஊரைப் பல புயல்களிலிருந்து காத்திருக்கிறது. 2015 அக்டோபர் 23 அன்று பட்ரீசியா தெற்கே கரையேறியபோது ஊர் ஏறத்தாழ தப்பியது. இதை வைத்து 'இங்கே புயல் வராது' என்று சொல்பவர்களை நம்பக் கூடாது. 2002இல் கென்னா எழுப்பிய அலை கடற்கரைச் சாலையைக் குதறியது. 2021இல் நோரா கொட்டிய மழையில் குவாலே ஆறு பெருக்கெடுத்து கரையோரக் கட்டடம் இடிந்தது. 2023 அக்டோபர் 10இல் நான்காம் வகைப் புயலாக லிதியா சற்றுத் தெற்கே கரையேறியது. ஆற்றங்கரையிலும் ஓடை வாயிலும் தரைத்தளம் எடுக்க வேண்டாம்.

கோடையில் வீட்டைப் பூட்டிவிட்டு வடக்கே போகிறவர்கள் செய்யும் வேலைகளுக்கு ஒரு வரிசை உண்டு. தண்ணீர் வால்வையும் மோட்டார் சுவிட்சையும் மூட வேண்டும். கேஸைச் சிலிண்டரிலேயே மூட வேண்டும். குளிர்பதனப் பெட்டியைக் காலிசெய்து துடைத்து, கதவிடுக்கில் துணி வைத்துத் திறந்தே விட வேண்டும். மூடினால் மூன்று வாரத்தில் பூசணம். தரை வடிகால்களின் வளைவில் தேங்கிய நீர் ஆவியாகிவிட்டால் கரப்பானும் சாக்கடை வாடையும் ஏறி வரும். வளைவை நிரப்பி மேலே ஒரு கரண்டி சமையல் எண்ணெய் ஊற்றினால் நீர் மாதக்கணக்கில் ஆவியாகாது. தோல் பொருளையும் காகிதத்தையும் மூடிய அலமாரியில் வைக்கக் கூடாது. வாரம் ஒருமுறை திறந்து காற்றாட விட்டு, கதவில் செருகிய ரெசீபோவை எடுத்துக் கட்ட ஒருவர் வேண்டும்.

மருத்துவமும் கடைசி 48 மணி நேரமும்

அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேர் மெக்சிகோவில் செல்லாது. கனடாவின் ஒன்டாரியோ காப்பீடு தொடர வேண்டுமென்றால் எந்தப் பன்னிரண்டு மாதத்திலும் 153 நாளாவது அந்த மாகாணத்தில் இருக்க வேண்டும். அதனால் இங்கே முழுநேரம் இருப்பவர் மருத்துவத்துக்கு இங்கேயே ஏற்பாடு செய்தாக வேண்டும்.

சின்னச் சின்ன உபாதைக்கு மருந்துக்கடையை ஒட்டிய மருத்துவர் அறை. 2010 ஆகஸ்டில் சீட்டில்லாமல் ஆன்டிபயாட்டிக் விற்பது தடுக்கப்பட்டபின் இந்த அறைகள் நாடு முழுக்கப் பெருகின. காத்திருப்பு சிறிது, கட்டணம் மிகக் குறைவு. சளி, வயிற்றுப்போக்கு, கட்டு மாற்றல் வரை சரி. நெஞ்சுவலியோடு அங்கே போய் நேரத்தை வீணாக்கக் கூடாது.

இம்ஸ் காப்பீட்டில் வதிவிட அட்டை உள்ளவர் தாமாகவே சேரலாம், வருடச் சந்தாவை முன்கூட்டியே கட்ட வேண்டும். ஆனால் சேர்க்கையின்போதே உள்ள புற்றுநோய், நாட்பட்ட சிதைவு நோய்கள் போன்றவை விலக்கப்படும்; எலும்பு மூட்டு அறுவை சிகிச்சைக்கு இரண்டு வருடக் காத்திருப்பு. 66 வயதில் ஆரோக்கியமாகச் சேர்ந்தவருக்கு இது பெரிய அரண். 78 வயதில் இடுப்பு முறிந்தபின் சேர நினைப்பவருக்கு இது பயன்படாது. தனியார் காப்பீடுகளும் எழுபதை ஒட்டிப் புதியவர்களுக்குக் கதவை மூடத் தொடங்கும்.

தனியார் மருத்துவமனைகள் தரமானவை, ஆனால் உள்நோயாளியாகச் சேர்க்குமுன் முன்பணம் கேட்பார்கள். அதற்கு வரம்பு போதுமான கடன் அட்டை ஒன்று தனியாக இருக்க வேண்டும். அறுவை சிகிச்சைக்கு முன் இரத்தக் கொடையாளர்களை அழைத்துவரச் சொல்வது இங்கே வழக்கம். நோயாளி ஆர்எச் நெகட்டிவ் என்றால் சிரமம் பலமடங்கு: ஐரோப்பிய வம்சாவளியினரில் அது சாதாரணமாகக் காணப்படும் வகை, மெக்சிகோ மக்களிடம் மிக அரிது. வெளிநாட்டுக் குடியிருப்பாளர்கள் தங்களுக்குள்ளேயே இரத்த வகைப் பட்டியல் வைத்துக்கொள்வது இதனால்தான்.

மரணம் பற்றிப் பேச எல்லோரும் தயங்குகிறார்கள். மெக்சிகோவில் உடலை 48 மணி நேரத்துக்குள் அடக்கமோ தகனமோ செய்ய வேண்டும் என்பது பொது விதி. பதப்படுத்தினால், அல்லது அதிகாரிகள் அனுமதித்தால் மட்டும் விலக்கு. அதற்குள் மருத்துவர் மரணச் சான்று தர வேண்டும், பதிவகத்தில் மரணப் பதிவு முடிய வேண்டும், தூதரகத்துக்குத் தகவல் போக வேண்டும். வீட்டில் இறந்தவருக்கு வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர் யாருமில்லை என்றால் விவகாரம் அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்குப் போய் உடற்கூறு ஆய்வில் முடியலாம். துணையை இழந்து நிற்கும், ஸ்பானிஷ் தெரியாத எண்பது வயதுக்காரர் இதையெல்லாம் இரண்டு நாளில் செய்ய முடியாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது ஒரே உள்ளூர் மருத்துவரைப் பார்த்துக் கோப்பு வைத்திருப்பதும், தகன நிலையத்தோடு முன்கூட்டியே ஒப்பந்தம் செய்துகொள்வதும் இதனால்தான்.

குளிர்பதனப் பெட்டிக் கதவில் காந்தத்தால் ஒட்டிய ஒரு பிளாஸ்டிக் உறை போதும். உள்ளே கடவுச்சீட்டு, வதிவிட அட்டை நகல்கள். மொழிபெயர்த்த பிறப்புச் சான்று, திருமணச் சான்று. மருந்துப் பட்டியல், இரத்த வகை. மருத்துவர் எண், மாற்றுப் பயனாளியின் எண், சாவி வைத்திருப்பவர் எண். எல்லாவற்றுக்கும் மேலாக ஸ்பானிஷில் ஒரு பக்கம், 911ஐ அழைக்கும் யாரும் அப்படியே வாசிக்கும்படி: தெரு, வீட்டு எண், எந்த இரு குறுக்குத் தெருக்களுக்கு இடையில், வாசல் என்ன நிறம், ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்திலிருந்து கதவுக்கு எத்தனை படி.